கண்மாய்க் கரை வழியே



புதுக்கோட்டைச் சீமைக்கு மழை என்பது வீட்டுப் பிள்ளையன்று; எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. கிழக்கே கல்லணைக் கால்வாய் எட்டிப் பார்க்கும் சில பகுதிகளை விட்டுவிட்டால், இச்சீமையின் பெரும்பகுதி வானத்தை நம்பியே கிடக்கும் செம்மண் பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கடலை, அதுவும் பொய்த்தால் வெளியூர்ப் பிழைப்பு. தனி அரசாக இருந்த புதுக்கோட்டை 1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் இந்தியாவோடு இணைந்தது. 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அரசுகள் மாறின, ஆனால் மண்ணின் தாகம் மாறவில்லை. ஆகவேதான் இங்கே பல வீடுகளில் ஒரு பிள்ளை ஏரைப் பிடிக்க, மற்றொரு பிள்ளை துப்பாக்கியைப் பிடிக்கச் செல்கிறான்.

அத்தகைய ஒரு வீட்டிற்கு, அண்மையில் ஓர் ஆண்டு, நவம்பர் முதல் நாள் மாலையில் நான் மேற்கொண்ட பயணத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஊரின் பெயரையும் குடும்பத்தாரின் பெயரையும் சொல்லேன். நான் கேட்டவை எதுவும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டவை அல்ல. எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டு, இசைவு பெற்ற பின்னரே எழுதுகிறேன்.

அக்டோபர் மாதக் கடைசியில் ஒருநாள் இரவு எனக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. பேசியவர் எம் பங்கைச் சேர்ந்தவர், இராணுவத்தில் ஹவில்தார். "சாமி, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வர்றேன். வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம். நீங்க மட்டும் கூட இருக்கணும்" என்றார்.

எனக்கு உடனே தயக்கம் ஏற்பட்டது. திடீர் மகிழ்ச்சியும் ஒருவகை இடிதான். எகிப்தில் யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று மக்கள் வந்து சொன்னபோது, முதியவரான யாக்கோபின் உள்ளம் மரத்துப்போயிற்று, அவரால் நம்ப முடியவில்லை என்றல்லவா வேதாகமம் கூறுகிறது? யோசேப்பு அனுப்பிய வண்டிகளைக் கண்ணால் கண்ட பின்னர்தான் அவருக்கு உயிர் வந்தது. "தாயார் எழுபதைக் கடந்தவர். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லதல்லவா?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சொன்னா தம்பி வீட்டை விட்டுப் போயிடுவான் சாமி" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் விரும்பியது வியப்பையன்று. முன்னறிவித்தால் எங்கே வாசற்கதவு மூடப்படுமோ என்ற அச்சமே அவரை மறைவாக வரச் செய்தது.

அவ்வாண்டு தை மாதத்தில் அவருடைய தகப்பனார் இறந்தார். நல்லடக்கத்தை நடத்தியவன் நானே. மூத்த மகன் அப்போது லடாக் மலைப்பகுதியில் ஒரு காவல் நிலையில் இருந்தார். அவர் வரவில்லை. இளைய மகன்தான் எல்லாக் கடமைகளையும் செய்தார். குழியில் பெட்டி இறக்கப்பட்டதும், வழக்கம்போல் உற்றாரெல்லாம் ஆளுக்கொரு பிடி மண் இட்டார்கள். இளையவரும் இட்டார். பின்னர் மீண்டும் குனிந்து இன்னொரு பிடி மண்ணை அள்ளி, தம் தோளிலிருந்த தந்தையின் துண்டு முனையில் முடிந்துகொண்டார். கல்லறை மண்ணை வீட்டுக்கு எடுத்துச் செல்வது ஏதோ மூடப் பழக்கம் போலும் என்று எண்ணி முகம் சுளித்தேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் குறிப்பிடாமல் இதைக் கண்டிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். நல்லவேளையாக வேறு அலுவல்களில் மறந்துபோனேன்.

தொலைபேசி வந்ததிலிருந்து என் பாடு திண்டாட்டமாயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தத் தாயார் கோவில் வாசலில் என்னை நிறுத்தி, "பெரியவன்கிட்டேருந்து சேதி ஏதும் உண்டா சாமி?" என்று கேட்டார். பொய் சொல்லவும் கூடாது. வாக்கை மீறவும் கூடாது. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார் அம்மா" என்று கூரையிலிருந்த மணியைப் பார்த்தவாறே கூறிவிட்டு அவசரமாக நகர்ந்தேன்.

நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் திருநாள் பூசையை முடித்துக்கொண்டு, மெழுகுதிரி வாங்கும் சாக்கில் திருச்சிக்குச் சென்றேன். சந்திப்பு நிலையத்தில் சென்னை வண்டியிலிருந்து அவர் இறங்கினார். கறுப்புத் தகரப் பெட்டி. முதுகில் பச்சைப் பை. பனிக்காற்றில் வெடித்துக் கருத்திருந்த கன்னங்கள். "தோத்திரம் சாமி" என்று சொல்லி நெற்றியைக் காட்டினார். நான் சிலுவை வரைந்தேன். இருவருமாகக் காரைக்குடி செல்லும் ரயிலில் ஏறினோம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் இந்த இருப்புப் பாதையில் நான் இளமை முதலே பயணம் செய்துவருகிறேன். அன்றைய மீட்டர் பாதையும் கரி வண்டியும் போய்விட்டன. சன்னலுக்கு வெளியே உள்ள காட்சி மட்டும் அதேதான்: செம்மண் மேடுகள், தனித்து நிற்கும் பனைகள், தைல மரத் தோப்புகள், இடையிடையே மழைநீர் தேங்கிய கண்மாய்கள். கீரனூரைக் கடந்ததும் நார்த்தாமலைக் குன்றுகள் தோன்றும். அவற்றில் ஒன்றின் மேல் விசயாலய சோழீச்சரம் என்னும் பழைய கற்கோவில் நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோவிலுக்குக் கல் கொடுத்தது இப்பகுதியே என்பது ஊரார் வழக்கு.

அந்தக் குன்றுகளைப் பார்த்ததும் அவர் பேசத் தொடங்கினார்.

"அய்யா இறந்த செய்தி அன்றைக்கே வந்துடுச்சு சாமி. வயர்லெஸ்ஸில் சொன்னாங்க. அதிகாரி உடனே லீவு எழுதிக் கொடுத்துட்டார். ஆனா போக வழியில்லை."

சிறீநகரிலிருந்து லடாக்கிற்குச் செல்லும் பாதை 11,500 அடிக்கு மேல் உயர்ந்த சோஜிலா கணவாயைத் தாண்ட வேண்டும். மாரிக்காலத்தில் பனி அதை அடைத்துவிடும். பிறகு வானவூர்தி ஒன்றே வழி. அதுவும் வானம் இசைந்தால்தான். நான்கு நாட்கள் காற்றும் பனியும் ஓயவில்லை. ஹெலிகாப்டர் பறக்கவில்லை. ஐந்தாம் நாள் வானம் வெளுத்தபோது, ஊரில் அடக்கம் முடிந்து மூன்று நாட்களாகியிருந்தன. அடக்கம் நடந்த நேரத்தைக் கணக்கிட்டு, பதுங்கு குழிக்குள் தெற்குத் திசை எதுவென்று பார்த்து முழந்தாளிட்டதாகக் கூறினார். உடனிருந்த சீக்கியர் ஒருவரும், மலையாளி ஒருவரும் அவரோடு சேர்ந்து முழந்தாளிட்டார்களாம்.

"எட்டாம் நாள் பூசை அன்னைக்குத் தம்பிக்கிட்டே பேசினேன். 'வர வேண்டிய நேரத்துல வராதவர் இனி எப்ப வந்தா என்ன'ன்னு சொல்லிட்டு வச்சுட்டான். மே மாசம் எனக்கு லீவு முறை வந்தது. இன்னொருத்தனுக்கு விட்டுக் கொடுத்துட்டேன். அவன் வீட்டுல கல்யாணம்னு சொல்லிக்கிட்டேன். உண்மை அது இல்லை. பயமா இருந்தது சாமி."

பத்தொன்பது ஆண்டுகள் துப்பாக்கி ஏந்தியவர், தம்மைவிட எட்டு வயது இளைய தம்பிக்கு அஞ்சி ஓராண்டு விடுமுறையை விட்டுக் கொடுத்திருக்கிறார். இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் இவ்வாறு அஞ்சி உறவினர் வீட்டு வாசலைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

பனிமலைச் சேவையைப் பற்றி நாம் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பகுதியில் சுமார் 19,600 அடி உயரத்தில் பனிப்பாறை சரிந்து, மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டனர். நால்வர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் அனுமந்தப்பா மட்டும் ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டு, நாடே மன்றாடிக்கொண்டிருக்க, 11ஆம் நாள் உயிர் நீத்தார். 2020ஆம் ஆண்டு சூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட இருபது பேருள், நமக்கு அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. அவருடைய தம்பியும் இராணுவ வீரரே. அண்ணன் பெட்டியிலே வந்ததைக் கண்ட அந்தத் தம்பியை நினைக்கும்போது, அண்ணன் காலால் நடந்து வரும் வீட்டில் கோபத்திற்கு எவ்வளவு சிறிய இடம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

புதுக்கோட்டையில் இறங்கி, அன்னவாசல் வழியாக மேற்கே செல்லும் பேருந்தைப் பிடித்தோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. வழியில் சித்தன்னவாசல் குன்று மங்கலாகத் தெரிந்தது. சமண முனிவர்கள் தவம் செய்த ஏழடிப்பட்டமும் அவர்கள் படுத்த கற்படுக்கைகளும், தாமரைக் குளம் தீட்டிய குடைவரையும் அங்கே உள்ளன. அதைக் கண்டதும் 2019ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நினைவுக்கு வந்தது. பாகிஸ்தானிடம் சிறைப்பட்ட விமானப்படை வீரர் அபிநந்தன் அன்று இரவு அட்டாரி எல்லையில் நடந்து வந்தார். அவருடைய பூர்வீகம் தமிழ்ச் சமணர் வாழும் திருப்பணமூர். அந்த ஒரு வருகையைக் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்டனர். என் அருகில் அமர்ந்திருந்தவரின் வருகைக்கோ, நடத்துனர் கொடுத்த பயணச்சீட்டைத் தவிரச் சாட்சி எதுவுமில்லை.

போருக்குச் சென்றவனைப் பற்றித் தமிழர் எழுதியவை மிகப் பல. இம்மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த மிகப் பழைய நடுகல் ஒன்று கிடைத்தது. கல் நடுவது இறந்தவனுக்குத்தான். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளையர் அரசு தமிழ்நாட்டின் பல ஊர்களில் பதித்த கற்பலகைகளை நீங்கள் கண்டிருக்கலாம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று இரண்டு எண்கள் மட்டும் அவற்றில் இருக்கும். திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று எழுதியிராது. நாமே கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்புகிறவனுக்காகப் பாடிய நூல் வேண்டுமானால் நப்பூதனார் இயற்றிய, 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டைத்தான் நாட வேண்டும். கார்காலத்தில் காத்திருப்பவளும், பாசறையில் உறங்காதிருப்பவனும் அதில் இருக்கிறார்கள். அன்றைக்கும் மழையே பெய்துகொண்டிருந்தது.

பேருந்து எங்களைக் கைகாட்டியடியில் இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்து ஊருக்குக் கண்மாய்க் கரை வழியே ஒரு கல் தொலைவு நடக்க வேண்டும். கண்மாய் பாதி நிறைந்திருந்தது. தவளைகள் ஓயாமல் கத்தின. மறுகாலை அடைந்ததும் அவர் நின்று, "இங்கேதான் சாமி, தம்பிக்கு நீச்சல் கத்துக் கொடுத்தேன்" என்றார்.

எங்கள் திட்டம் இதுவே: நான் முன்னால் சென்று வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், பத்து நிமிடம் கழித்து அவர் நுழைய வேண்டும். ஆனால் மனிதர் போடும் திட்டம் எங்கே நிற்கிறது? கரை இறங்கும் இடத்தில்தான் எங்கள் கல்லறைத் தோட்டம். மறுநாள் திருநாளாதலால், பலர் பகலிலேயே புல் செதுக்கி வெள்ளையடித்துவிட்டுச் சென்றிருந்தார்கள். ஒரே ஒரு கல்லறையின் அருகில் மட்டும் விளக்கு எரிந்தது. மழை விட்ட நேரம் பார்த்து, ஒருவர் குனிந்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அது அவர்களுடைய தந்தையின் கல்லறை. அடித்துக்கொண்டிருந்தவர் இளையவர்.

காலடி ஓசை கேட்டு நிமிர்ந்தார். விளக்கைத் தூக்கிப் பார்த்தார். முதலில் என்னை, பிறகு என் பின்னால் நின்றவரை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நாற்பதாண்டுகளாகக் கற்ற இறையியலில் அந்த நேரத்துக்கு உதவும் சொல் ஒன்றுகூட அகப்படவில்லை. மூத்தவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, படையில் நிற்பது போல் அசையாமல் நின்றார்.

இளையவர் மீண்டும் குனிந்து இரண்டு முறை மட்டையால் அடித்தார். பிறகு திரும்பாமலே, "தலைமாட்டுப் பக்கம் இன்னும் ஒரு பூச்சு வேணும். வெளிச்சத்தைப் பிடிங்க" என்றார்.

அண்ணன் விளக்கைப் பிடித்தார். சற்று நேரத்தில் விளக்கு என் கைக்கு வந்தது. மட்டை அண்ணன் கைக்குச் சென்றது. தம்பி வாளியிலிருந்த சுண்ணாம்பைக் கலக்கிக் கொடுத்தார். ஏறத்தாழ அரைமணி நேரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. வேலை முடிந்ததும் தம்பி, தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டு வாசலில் தாயார் நின்றார். நான் அஞ்சிய மயக்கமோ கூக்குரலோ ஒன்றுமில்லை. மகனின் கன்னத்தை இரு கைகளாலும் தடவி, நெற்றியில் சிலுவை வரைந்து, "வாப்பா. வெந்நீர் காய்ஞ்சுக்கிட்டிருக்கு, குளிச்சிட்டுச் சாப்பிடு" என்றார். அடுப்பில் சோறு நால்வருக்குப் போதுமான அளவு வெந்துகொண்டிருந்தது. நான் வியந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அன்னைக்குச் சாமி என் மூஞ்சியைப் பார்க்காம மணியைப் பார்த்துப் பேசுனீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சு" என்றார். இரகசியம் காப்பதில் குருக்கள் வல்லவர் என்று பெருமை கொண்டிருந்தேன். அன்றோடு அது அடங்கிற்று.

மறுநாள் நவம்பர் 2. காலையில் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி நிறைவேற்றி, ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துச் சென்றேன். சாமந்தி மாலைகளும் மெழுகுதிரிகளுமாகத் தோட்டம் முழுவதும் ஒளியாயிருந்தது. அந்தக் கல்லறையை அடைந்தபோது, தாயாரும் இரு பிள்ளைகளும் நின்றார்கள். செபம் முடிந்து நான் நகரப் போகும் வேளையில், தம்பி தம் இடுப்பு மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தார். பழைய துண்டின் கிழிந்த முனை. எனக்கு அது எங்கோ பார்த்ததாகத் தோன்றிற்று.

"அண்ணே, இது உங்க பங்கு. அன்னைக்கு எல்லாரும் போட்டாங்க. உங்களுக்குன்னு ஒரு பிடி எடுத்து, மாதா மாடத்துல வச்சிருந்தேன்" என்றார்.

அதுவரை நிமிர்ந்து நின்ற வீரர், நனைந்த மண்ணில் அப்படியே முழந்தாளிட்டு அழுதார். தம்பி அவர் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்து, அந்தக் காய்ந்த மண்ணை அதில் கொட்டினார். அண்ணன் அதைத் தந்தையின் தலைமாட்டில் இட்டார். பத்து மாதங்கள் தாமதமாக, அந்த நல்லடக்கம் அன்றுதான் நிறைவேறிற்று.

அருகில் நின்ற நான் தலை குனிந்தேன். மூடப் பழக்கம் என்று நான் முகம் சுளித்த செயலல்லவா அது! ஒரு கேள்வி கேட்டிருந்தால் அறிந்திருப்பேன், கேளாமலே தீர்ப்பிட்டேன். இன்னொன்றும் என் உள்ளத்தில் பட்டது. தம்பி கோபச் சொல்லைச் சொன்னது எட்டாம் நாள். அண்ணனுக்காக மண்ணை எடுத்து வைத்ததோ அடக்கத்தன்றே. அன்புதான் முதலில் வந்தது. கோபம் பிறகு வந்து அதன்மேல் அமர்ந்தது. சொல் மட்டும் தொலைபேசியில் பனிமலைவரை சென்று சேர்ந்துவிட்டது. மண் மாடத்திலேயே காத்திருந்தது.

அன்புள்ள குடும்பங்களே, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் வர வேண்டிய நேரத்தில் வராமற்போயிருக்கலாம். அது பனியாலா, பணமின்மையாலா, வெட்கத்தாலா என்று நமக்குத் தெரியாது. கேட்டுப் பார்ப்போம். வர அஞ்சியிருப்பவர் நீங்களானால், திட்டம் ஏதும் வகுக்காமல் புறப்பட்டு வாருங்கள். நீங்கள் கோபம் என்று எண்ணியிருக்கும் வீட்டின் மாடத்தில் உங்களுக்காக என்ன வைக்கப்பட்டிருக்கிறதோ, யார் அறிவார்?

விடுமுறை முடிந்து அண்ணன் புறப்பட்ட நாளில், வழியனுப்பக் கைகாட்டியடிக்கு நானும் சென்றிருந்தேன். தகரப் பெட்டி தம்பியின் தலையில் இருந்தது. பேருந்து வந்ததும் பெட்டியை மேலே ஏற்றியவர் கீழே இறங்கவில்லை. திருச்சி வரைக்கும் தாமும் போய்விட்டு வருவதாகச் சொல்லி, அண்ணன் அருகில் அமர்ந்துகொண்டார்.